இடது கன்னம்

இந்திராணி வீட்டிலேயே காய்ச்சும் ஷேவிங் சோப்புகளைக் கணவன் முகத்தில்தான் சோதித்துப் பார்ப்பாள். வெட்டிவேர், மரிக்கொழுந்து, கிராம்பு என்று தினம் ஒரு வாசனை. குணசீலன் பிரஷ்ஷால் முகமெங்கும் நுரை பூசி, இடது கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு அவளைக் கூப்பிட வேண்டும். வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது இல்லீங்க" என்று போய்விடுவாள்.

"அப்படி எந்த வாசனையத்தான் தேடுற?" என்று ஒருமுறை கேட்டான்.

"வந்தா தெரியும்."

இன்றைய கட்டியில் எலுமிச்சை இலையும் புகையிலையும் சேர்ந்திருந்தன. முகர்ந்தவள் விலகவில்லை. கண்களை மூடிக்கொண்டு, கல்யாணமான பதினொரு வருடத்தில் முதல்முறையாக அவன் தோளில் தலை சாய்த்தாள்.

"வந்துட்டியா?"

அவளிடம் அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. வலது கன்னத்தில் நுரை காய்ந்து தோலை இழுத்தது. 'இல்லை' என்று சொன்னால் அந்தத் தலை விலகிவிடும்.

"ம்" என்றான்.

அவள் அவன் பனியனைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்: "மெதுவாப் பேசு. அவரு இங்கதான் ஷேவ் பண்ணிட்டிருக்காரு."