வலது கால்

"கண்ணை நல்லா மூடிக்குங்க. இந்த நைலான் இழை கால்ல படுறது தெரிஞ்சா 'ம்'னு சொன்னா போதும்" என்றார் பாத மருத்துவர்.

பேருந்து ஓட்டுநர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக் கண்களை இறுக மூடிக்கொண்டார். தலைமாட்டில் நின்ற மனைவி அவர் தோளில் கை வைத்தாள்.

அதில் அன்பும் இருந்தது, ஏற்பாடும் இருந்தது.

சர்க்கரை நோய்க்காரரின் பாதத்தில் உணர்ச்சி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. தேறினால்தான் இனியும் பேருந்தை ஓட்ட விடுவார்கள். காலையில் வீட்டிலேயே ஒத்திகை முடிந்துவிட்டது. இழை படும்போது அவள் தோளை அழுத்துவாள். அவர் 'ம்' என்பார்.

அவளுக்கு இதில் மனசே இல்லை. ஆனால் ஸ்டியரிங் இல்லாத அவரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. லீவு நாளில்கூட வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்து, கிளட்சை மிதித்தே கொல்கிறான் என்று யாரையோ திட்டுகிற மனுஷன். வீட்டோடு உட்கார்ந்தால் ஆளே ஒடுங்கிப்போவார் என்று பயந்தாள்.

மருத்துவர் இடது காலுறையைக் கழற்றிக் குனிந்தார். மெல்லிய நைலான் இழை கட்டைவிரலைத் தொட்டது. அவள் அழுத்தினாள்.

"ம்."

சுண்டுவிரல். அழுத்தினாள்.

"ம்."

குதிகாலில் அவள் அவசரப்பட்டுவிட்டாள். இழை தோலில் படுவதற்குள் அவர் 'ம்' என்றார். மருத்துவர் நிமிரவில்லை. அவளுக்குத்தான் குப்பென்று வியர்த்தது.

ஒருவழியாக இடது கால் தேறியது. ஊரையே ஏமாற்றிவிட்ட மாதிரி அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு.

மருத்துவர் வலது காலுறையை உருவினார். பெருவிரலுக்குக் கீழே துணி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மெதுவாக உரித்தெடுத்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. நடுவில் ஏதோ மின்னியது.

மருத்துவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். இடுக்கியை எடுத்தார்.

வெளியே வந்தது ஒரு நீலக் கண்ணாடிச் சில்லு. போன வாரம் சமையலறையில் அவள் கைதவறி உடைத்த தம்ளர். சுத்தமாகப் பெருக்கிவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். இதைக் காலில் வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு வண்டி ஜனத்தையும் உட்கார வைத்துக்கொண்டு, நேற்றுவரை பிரேக்கை மிதித்திருக்கிறார்.

மருத்துவர் காயத்தை அழுத்திப் பிதுக்கினார். ரத்தம் வழிந்து விரிப்பில் பரவியது. கணவர் தோளிலிருந்த அவள் கை தானாக விலகி வாயைப் பொத்திக்கொண்டது.

அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கண்களை மூடியபடியே கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பொறுமை தாங்காமல் கேட்டார்:

"என்ன டாக்டர், வலது காலை எப்ப ஆரம்பிப்பீங்க?"