பொட்டு வைத்த பட்டன்

பெருமாள் படத்துக்குக் கீழே அந்தப் பழுப்பு நிறப் பட்டனை வைத்து, அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு இட்டாள் பூங்காவனம்.

"இன்னாடி இது, பட்டனுக்கெல்லாம் பூஜையா?" என்று கேட்டார் கணவர் திருவேங்கடம், போட்டுக்கொள்ளச் சட்டை தேடியபடி.

"பட்டன் இல்லைங்க. ஓட்டு."

அவருக்கு இப்போதெல்லாம் சட்டை கிடைப்பது சிரமம். இருந்த பழைய சட்டைகளை, பையும் பட்டனும் அப்படியே இருக்க வெட்டி, ஒரே போர்வையாகச் சேர்த்துத் தைத்துவிட்டாள் பூங்காவனம்.

பூந்தமல்லிப் பக்கத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு நடத்தினார்கள். மிஞ்சிய துண்டுத் துணிகளில் போர்வை தைப்பதும், தைத்ததைப் படம் எடுத்துப் போட்டு ஒருவரை ஒருவர் புகழ்வதும்தான் குழுவின் வேலை. பூங்காவனத்தின் படங்களுக்குக் கும்பிடும் கை பொம்மை மட்டும் வரும். அதைப் பாராட்டு என்றே அவள் நம்பி வந்தாள்.

போன ஞாயிறு சென்னீர்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் எல்லாருடைய போர்வைகளையும் கயிற்றில் தொங்கவிட்டார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மூடியில்லாத ஒரு டப்பா. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பட்டனை, பிடித்த போர்வையின் டப்பாவில் போட வேண்டும். அதுதான் ஓட்டு.

சாயங்காலம் பூங்காவனத்தின் டப்பாவில் இரண்டு பட்டன்கள் கிடந்தன. ஒன்று பழுப்பு, ஒன்று சிவப்பு. சிவப்பு, யாரும் பார்க்காத நேரத்தில் அவளே போட்டது.

அவமானத்தில் போர்வையை அப்படியே சுருட்டிக் கொண்டுவந்து பரண்மேல் எறிந்தாள். இனி ஊசியைத் தொடுவதில்லை என்று சபதமும் செய்தாள். ஆனால் அந்தப் பழுப்புப் பட்டனை மட்டும் எறிய மனம் வரவில்லை. யாரோ ஒரு புண்ணியவதிக்குத் தன் தையல் பிடித்திருக்கிறதே. யார் என்று குழுவில் கேட்டுப் பார்த்தாள். எல்லாருமே தாங்கள்தான் என்றார்கள்.

மறுநாள் அதே குழுவில் இருக்கும் திருமழிசை வடிவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. வடிவு தைத்த முதல் போர்வையின் படத்துக்கு, 'கால்மிதி நல்லா இருக்கு' என்று குழுவிலேயே எழுதியவள் பூங்காவனம். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

வடிவு தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பாள். பூங்காவனம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'அக்கா, உங்க போர்வைக்கு நான் ஓட்டு போட்டேன். கேக்காம போட்டுட்டேன், கோச்சுக்காதீங்க.'

ஓட்டுப் போடுவதற்குக்கூடவா கேட்பார்கள்? இந்தப் பணிவு யாருக்கு வரும்? பூங்காவனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. யார் போர்வையைக் கால்மிதி என்று கேலி செய்தாளோ, அவள் கையாலேயே பெருமாள் தனக்கு ஓட்டுப் போட வைத்துவிட்டாரே.

அதனால்தான் இந்தப் பூஜை. அது முடிந்ததும் ஒரு டப்பா கேசரியையும், பரணிலிருந்து இறக்கிய போர்வைச் சுருட்டலையும் எடுத்துக்கொண்டு திருமழிசைக்கு பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்த வடிவு திகைத்து நின்றாள். பூங்காவனம் உட்காரக்கூட இல்லை.

"கால்மிதின்னு சொன்னது தப்புதான் வடிவு. மனசுல வெச்சிக்காத."

வடிவு சிரித்தாள். "நீங்க சொன்னப்பறம் அந்தப் போர்வய வாசல்லதான்க்கா போட்டு வெச்சிகீறேன். இப்பக்கூட மிதிச்சிகினுதான் வந்தீங்க."

பூங்காவனம் சட்டென்று காலைப் பார்த்தாள். பிறகு கேசரியையும் சுருட்டலையும் வடிவின் கையில் கொடுத்தாள். "எனக்கு ஓட்டு போட்ட ஒரே ஜீவன் நீதான். இது உனக்கு."

"ஓட்டா? ஓட்டு நான் அந்த மயில் போர்வைக்கில்ல போட்டேன்?" வடிவு விழித்தாள். "உங்குளுதுக்கு ஒட்டு போட்டேன்க்கா. ஒட்டு. இங்கிலீசுல அடிச்சா ரெண்டும் ஒண்ணாட்டம்தான் கீது."

அவள் கேசரியைக் கீழே வைத்துவிட்டு, போர்வையை விரித்து ஓரத்தைக் காட்டினாள். தொங்கவிட்டிருந்த இடத்தில் காற்றடித்து, சுவர் ஆணியில் மாட்டி ஒரு கை அகலத்துக்குக் கிழிந்துவிட்டதாம். பூங்காவனம் சாப்பிடப் போயிருந்த நேரம். வந்து பார்த்தால் மனசு உடைந்துவிடுவாளே என்று, தன் பையிலிருந்த நீலத் துண்டை வைத்து நின்ற நிலையிலேயே தைத்திருக்கிறாள் வடிவு.

பூங்காவனம் அதைத் தடவிப் பார்த்தாள். மொத்தப் போர்வையிலும் நேராக ஓடிய தையல் அது ஒன்றுதான்.

பேச்சு வார்த்தை இல்லாதவளுடைய கிழிசலை, அவளுக்கே தெரியாமல் மூடிவிட்டுப் போவதென்றால், அது ஓட்டைவிடப் பெரிது. பூங்காவனத்துக்கு அது புரிந்தது. புரிந்த கையோடு இன்னொன்றும் தோன்றி, மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. வடிவு போடவில்லை என்றால் வேறு யாரோ போட்டிருக்க வேண்டும். பட்டன்தான் பொட்டோடு பெருமாள் காலடியில் இருக்கிறதே.

"அப்போ அந்தப் பழுப்பு பட்டனை யார் போட்டாங்கன்னு தெரியலையே," என்றாள், லேசாகத் தலை நிமிர்ந்து.

வடிவு தான் போட்ட ஒட்டின் நடுவில் விரலை வைத்தாள்.

"இந்த எடத்துல இருந்து தெறிச்சு டப்பால உழுந்துச்சே, அதுவாக்கா?"