பூபதி வைத்த பொட்டு

"விமானத்துக்கு அடியில என் பேரை எழுதணுமுங்க."

கேட்டே விட்டாள் அருணா. 'கூலியைக் கேளு, லீவைக் கேளு, பேரை மட்டும் கேட்டுப்போடாத' என்று அம்மா சென்னம்மாள் தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பேச்சைக் கேட்கிறவளாக இருந்தால் மலைமேலிருக்கும் ஆலத்தூர் நாட்டிலிருந்து காலேஜுக்கே போயிருக்க மாட்டாள். அவர்கள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது.

மிளகு மண்டி முதலாளி பூபதி சேந்தமங்கலத்துக்காரர். மலைமேல் மண்டி வைத்து, மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டு அவளை உட்கார்த்தியிருந்தார். பெங்களூரில் மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் விளையாட்டு ஆடும் சங்கம் ஒன்று அவருக்குப் பிளாஸ்டிக் துண்டுகளை அனுப்பும். அருணா வெட்டி, உரசி, ஒட்டி, வண்ணம் தீட்டினால் கட்டைவிரல் நீளத்தில் விமானம் வரும். மூன்று இறக்கை, வாலில் பீரங்கி. எந்த நாட்டு வானத்திலும் பறக்காத விமானம்.

"பேரா? பொட்டு வெச்சது ஆரு அம்மிணி?" என்றார் பூபதி.

அவர் செய்த ஒரே வேலை அதுதான். போன ஆயுத பூசையன்று லாரிக்கு வைத்த கையோடு, காய்ந்துகொண்டிருந்த நாற்பது விமானங்களின் மூக்கிலும் குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். அருணா போட்ட சத்தத்தில் மிளகு எடை போட வந்தவர்கள் வெளியே ஓடினார்கள். பெங்களூர்க்காரர்களோ அதை ஏதோ படையின் சின்னம் என்று நினைத்து, இனி எல்லாவற்றுக்கும் பொட்டு வேண்டும் என்றார்கள். அன்றோடு பூபதி கலைஞராகிவிட்டார்.

"எறக்கையில தீஞ்ச கறை, பொகை, கீறலெல்லாம் ஆரு போட்டதுங்க?"

"அதைச் சொல்லு! புது வண்டிக்குக் கரி பூசிக் கெடுக்கறயே!"

"சண்டையில அடிபட்டு வந்ததுங்க."

"எந்தச் சண்டையில?"

"முந்நூறு வருசம் கழிச்சு நடக்கறதுல."

"அதுக்கு இப்பவே எதுக்குக் கண்ணு கரி?"

அருணா பல்லைக் கடித்தாள்.

"நேத்துத் தபால்ல பெங்களூர்க் கடுதாசி வந்துச்சுன்னயே, எடு" என்றார் பூபதி. "போன மாசம் நாஞ்சொல்லச் சொல்ல நீ எழுதினதுக்குப் பதில்தானே அது? வண்ணம் அடிக்கறது பூபதின்னு நல்லா எழுதினயா?"

"உங்க பேரு மூணு எடத்துல இருந்துச்சுங்களே. பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

பார்த்தார்தான். பஸ் போர்டும் தன் பேரும் தவிர இங்கிலீஷில் வேறொன்றும் அவருக்குப் பிடிபடாது. மூன்று பூபதிகளையும் விரல் வைத்து எண்ணிவிட்டு, கீழே கோழி கிளறியது போல ஒரு கையெழுத்தும் போட்டிருந்தார்.

"கடைசியாக் கேக்கறனுங்க. என் பேரை எழுதுவீங்களா, மாட்டீங்களா?"

"இன்னைக்கு விமானத்துல பேரு கேப்ப, நாளைக்கு மண்டி போர்டுல கேப்ப. கடுதாசியைப் படி."

அருணா பிரித்து, தமிழில் சொன்னாள். "'இப்படியொரு கைவேலையை நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் வண்ணக்கூடத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்க, திங்கட்கிழமை வந்து சேரவும். சம்பளமும் தங்க இடமும் தருகிறோம்.'"

பூபதி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "பாத்தயா! ஊட்டுக்குப் போன் போடு, பட்டு வேட்டியை எடுத்து வெக்கச் சொல்லு. நான் வார வரைக்கும் மண்டி உன் பொறுப்பு சாமி!"

"இருங்க. மொத வரியை விட்டுட்டனுங்க. கடைசியிலயும் ரெண்டு வரி இருக்குது."

அருணா தூரிகைகளைத் துணியில் சுருட்டினாள். காலையிலேயே கொண்டுவந்து மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே படித்தாள்.

"மொத வரி, 'அன்புள்ள அருணா'. கடைசி ரெண்டு வரிங்க, 'உங்கள் திறமையை எங்களுக்குத் தெரிவித்துக் கையெழுத்திட்டு அனுப்பிய உங்கள் உதவியாளர் பூபதிக்கு நன்றி. பெட்டி கட்டவும் பொட்டு வைக்கவும் அவரையும் அழைத்து வரலாம்.'"

வெளியே நாமக்கல் பஸ் ஹாரன் அடித்தது.

"வாரதா இருந்தா வெரசா வாங்க, எடம் போட்டு வெக்கறேன்" என்று சொல்லிப் படியிறங்கினாள் அருணா.