ஒரே டிசைனில் இரண்டு

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! இந்த வருஷமும் கடைய தொறந்து வெச்சிருக்காங்க."

கடைக்குள் கால் வைத்ததுமே தபிதாள் கண்ணை மூடி இப்படிச் சொன்னதும், சேலைப் பிரிவில் நின்றிருந்த ஷோபனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் 'கிறிஸ்துமஸ் மாபெரும் தள்ளுபடி' என்று பேனர் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஈ ஓட்டலாம் என்றால் ஓட்டுவதற்கு ஓர் ஈ கூட இல்லை. முதலாளி கஜபதி கல்லாவில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். இதற்குப் போய் ஸ்தோத்திரமா?

"வாங்கம்மா, வாங்கக்கா. உக்காருங்க. இன்னா மாதிரி பாக்கறீங்க?"

"ரெண்டு சேலை வேணும். ரெண்டும் ஒரே டிசைன், ஒரே கலரு," என்றாள் கூட வந்த டெபோரா. "எங்க அத்தைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி கட்டிக்கினுதான் சர்ச்சுக்குப் போவோம்."

ஷோபனா இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். ஒரே மாதிரி சேலை கேட்டு வந்த மாமியாரையும் மருமகளையும் அவள் இதுவரை பார்த்ததில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற பழமொழியே அவள் வீட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். பெருமூச்சு விட்டபடி சேலைகளை எடுத்து விரித்தாள்.

தபிதாள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். "முன்னெல்லாம் இங்க கயிறு கட்டி நிக்க வெப்பாங்கம்மா. எங்க ஊரு கே.ஜி.கண்டிகையில மொத பஸ்ஸ புடிச்சி வந்தாலும் உள்ள போவ மத்தியானம் ஆயிடும். நகரி, புத்தூர்லேர்ந்துகூட ஜனம் வந்துகினே இருக்கும். வாசல்ல போலீசு நிக்கும்னா பாத்துக்கோ!"

"இப்பதான் போன்லயே தினமும் தள்ளுபடி போடறாங்களேம்மா."

"தினமும் போட்டா அது இன்னா தள்ளுபடி? தினமும் பிரியாணி துன்னா ஞாயித்துக்கிழமைக்கு இன்னா மரியாதை இருக்குது?"

டெபோரா சிரித்தாள். "நானும் போன்லதான் வாங்கறேன். குக்கரு, புள்ளைங்க துணி, எல்லாமே. இந்த ரெண்டு சேலை மட்டும் இங்கதான். வெல கூட இருந்தாலும் பரவால்ல. இந்தக் கடைக்கு நாங்க எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்."

ஒரு துணிக்கடைக்கு அப்படி என்ன நன்றி என்று ஷோபனாவுக்கு விளங்கவில்லை. கேட்பதற்குள் அரக்கு நிறத்தில் மயில் பார்டர் போட்ட சேலை ஒன்று விரிந்துவிட்டது.

"ஆங், இதான்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஷோபனாவின் முகம் சுருங்கியது. "இதுல ஒண்ணுதாம்மா இருக்குது."

"சரி, வேற காட்டு."

"எதுலயுமே ஒண்ணுதாம்மா. வியாபாரம் இல்லன்னு ஓனர் டிசைனுக்கு ஒரு பீசுதான் எடுக்கறாரு."

தபிதாளின் கண் கலங்கியதைப் பார்த்து ஷோபனாவுக்கே கஷ்டமாகிவிட்டது.

"இவ எங்க வூட்டுக்கு வந்த வருஷத்துலேர்ந்து இது ஒரு தடவகூட தவறினது இல்லம்மா," என்றாள் தபிதாள் மெதுவாக.

"வுடுங்க அத்தை. இத நீங்க கட்டிக்குங்க," என்று டெபோரா சேலையை மாமியார் மடியில் வைத்தாள்.

"எனக்கு எதுக்குடி? வயசுப் பொண்ணு நீ கட்டு!"

"உங்களுக்குத்தான் இந்தக் கலரு எடுப்பா இருக்கும்."

"சொன்னா கேளு. புடி!"

சேலையின் ஒரு முனை மாமியார் கையில், மறுமுனை மருமகள் கையில். நீ கட்டு, நீங்க கட்டுங்க என்று இருவரும் மாறி மாறித் தள்ள, சேலை இழுபட, குரல்கள் ஏறின.

ஷோபனா உருகிப்போனாள். "ஏன்கா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டையே வராதா?"

அவர்கள் பதில் சொல்வதற்குள் கஜபதி போனைப் போட்டுவிட்டுப் பதறியடித்து ஓடிவந்தார்.

"ஐயையோ! இஸ்காதீங்க! ரெண்டு பேரும் கைய எடுங்க! அரக்கோணத்துல எங்க பாவா, அதான் அக்கா வூட்டுக்காரரு, கடையில இதே சேலை ஒண்ணு இருக்குது. சாயங்கால ரயில்ல வரவழைச்சிக் குடுக்கறேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும், இஸ்காதீங்கம்மா!"

"ஸ்தோத்திரம்!" தபிதாளின் முகம் மலர்ந்தது.

"பாசத்துலதானே சார் இஸ்துக்கினாங்க? அதுக்கு ஏன் இப்படி பயப்படறீங்க?" என்றாள் ஷோபனா.

"உனக்குத் தெரியாதும்மா. முன்ன ஒரு கிறிஸ்துமஸ் தள்ளுபடியில, இதே எடத்துல, கடைசியா ஒரே ஒரு சேலை. அதுக்கு இந்தம்மா ஒரு பக்கம், இந்தப் பொண்ணு ஒரு பக்கம். ரெண்டு பேருக்கும் யாரு எவருன்னே தெரியாது. வுடமாட்டேன்னு இஸ்து, சேலை கிழிஞ்சே போச்சு. வாசல்ல டியூட்டியில இருந்த போலீஸ்காரரு வந்துதான் விலக்கி வுட்டாரு. அவராச்சும் நியாயமா பேசினாரா? பெத்த தாய வுட்டுட்டு இந்தப் பொண்ணு பக்கம் பேசிட்டாரு!"

தபிதாள் மருமகளின் தோளில் கை போட்டுக்கொண்டு ஷோபனாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"சண்டையே வராதான்னு கேட்டியே? எங்க மாமியா மருமக சண்டைய, கல்யாணத்துக்கு முன்னாடியே இந்தக் கடையில போட்டு முடிச்சிட்டோம்மா!"