ஃபோம் வைக்காத தொப்பி

எங்கள் ஓஹையோ கடையில், தொப்பியில் எழுத்து புடைத்து நிற்க அடியில் ஃபோம் வைத்துத் தைப்போம். தையல் வடிவத்தைக் கணினியில் போடுவது நான். இன்று காலை மெஷின் ஓட்டும் வெர்லின் ஃபோம் வைக்க மறந்துவிட்டார். எழுத்து தட்டையாக வந்த மாதிரித் தொப்பியைத் தானே மாட்டிக்கொண்டார்.

மதியம் எழுத்து புடைத்திருந்தது.

“பாத்தியாடா, ஃபோம் மிச்சம்!”

அவர் தலை சிறுத்ததுபோலத் தொப்பி தொளதொளத்தது. பின்பட்டையை இறுக்கினார். எழுத்து இன்னும் புடைத்தது. மறுபடி இறுக்கினார்.

அவர் மனைவி லொரெட்டா போனில் அழைத்தாள்.

“யாருங்க நீங்க?” என்று கேட்டார்.

பயந்துபோய் அந்த எழுத்தின் தையலில் ஒரு நூலை வெட்டினேன். எழுத்து அமுங்கியது, ஆனால் தலை பழையபடி ஆகவில்லை; தொப்பி இறுகவில்லை.

“சார் யாரு?” என்றார் என்னிடம்.

அவசரமாக நூலை முடிச்சுப் போட்டேன்.

பட்டையில் இறுக்க இனித் துளை இல்லை. தொப்பி மூக்குவரை இறங்கிவிட்டது. அதன் அடியில் வெர்லின் மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.