பக்குவமாகப் பேசி உட்கார வைக்கவும்

“முறுக்கு சம்படத்துல வெச்சிருக்கறேன். மாப்பிள்ளைக்குன்னு அதிரசம் தனியா.”

“ம்.”

“கோவக்காரருதான், நான் இல்லைங்கல. நீதான் கொஞ்சம் பொறுத்துப் போகோணும் கண்ணு. வேற ஏதாச்சும் வேணுமா?”

“ஒண்ணும் வேண்டாம்மா.”

வேண்டியது ஒன்று இருந்தது. தொண்டைவரை வந்தது. அதற்குள் அம்மா பையின் வாயைக் கட்டிவிட்டாள். தீபாவளிக்கு வந்தாலும் அப்படித்தான். ஆடிக்கு வந்தாலும் அப்படித்தான்.

தாராபுரம் பேருந்து நிலையத்தின் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கையில் அவளுக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. பக்கத்திலிருந்த பெண்ணின் குரல் அம்மாவின் குரலைப் போலவே இருந்ததால் இருக்கலாம்.

“டீ ஆறுதுங் சாமி. குடிங்க.”

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். மடியில் காய்கறிப் பை. முதலில் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார். பிறகு நெருங்கி வந்து உட்கார்ந்து, எந்த ஊர், என்ன பேர் என்று எதுவும் கேட்காமல் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். பன்னைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்.

காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதவளுக்குக் கண் கலங்கியது. உலகத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

டீக்கடைப் பையனுக்குச் சில்லறை எடுக்க அவர் இடுப்புப் பையைத் துழாவியபோது போன் மடியில் மலர்ந்து கிடந்தது.

அதில் அவளுடைய முகம்.

கல்யாண வரவேற்பில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற அவனை வெட்டிவிட்டிருந்தார்கள். தோளின்மேல் அவன் கை மட்டும் மிச்சமிருந்தது.

‘காணவில்லை. பெயர் மேகலா. சற்று மனநிலை பாதிக்கப்பட்டவர். வீட்டாரைப் பற்றி ஏதேதோ சொல்வார், நம்ப வேண்டாம். கண்டால் பக்குவமாகப் பேசி உட்கார வைத்து, கீழே உள்ள எண்ணுக்குத் தெரிவிக்கவும். ஒரு பகிர்வு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.’

கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ‘பகிர்ந்துவிட்டேன் சகோ.’ ‘நல்லபடியாகக் கிடைக்க வேண்டுகிறேன்.’ ‘எங்கள் ஊர்க் குழுவிலும் போட்டாச்சு.’ அவள் தம்பியின் பெயரும் அதில் இருந்தது.

எல்லோரும் நல்லவர்கள்.

கையிலிருந்த பன் துண்டை அவள் பெஞ்சின்மேல் வைத்தாள்.

அவள் படித்துவிட்டதை அந்த அம்மாள் கவனித்தார். போனை மறைக்கவில்லை. அவள் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தார்.

“பயப்படாதீங்க சாமி. போன மாசம் எங்க வீதிப் பெரியவரு ஒருத்தரு, வழி தெரியாம பொள்ளாச்சி வரைக்கும் போயிட்டாரு. இதுல போட்டுத்தான் கண்டுபுடிச்சுக் கூட்டியாந்தோம். அவிய மக என் கையைப் புடிச்சுட்டு அப்படி அழுதுச்சு. உங்களையும் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்தீரலாம்.”

பொய்யில்லை. அந்தப் பெரியவர் வீடு திரும்பியிருப்பார். அந்த மகள் அழுதிருப்பாள்.

பக்குவமான குரல்.

அடித்து ஓய்ந்த பிறகு அவனுக்கும் இப்படி ஒரு குரல் வரும். தைலம் தேய்த்துக்கொண்டே பேசுவான். பேசி முடித்ததும் அவளை உள்ளே வைத்து வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவான். இன்று காலை பூட்ட மறந்திருந்தான்.

மதுரைப் பேருந்து வந்து நின்றது.

மதுரையில் கூடப் படித்த ஒருத்தியின் வீடு இருக்கிறது. அவள் உள்ளே விடுவாளா என்று தெரியாது. தெரு மட்டும் தெரியும்.

எழுவதற்குக் காலை ஊன்றினாள். அந்த அம்மாளின் கை அவள் மணிக்கட்டின்மேல் வந்து அமர்ந்தது. இறுக்கமில்லை. ரோட்டைக் கடக்கும்போது குழந்தையைப் பிடிப்பார்களே, அப்படி.

“எங்கயும் போக வேண்டாமுங். உக்காருங்க.”

எதிர் பெஞ்சில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் கையிலும் போன் இருந்தது.

ஓடினால், பாவம், நோயாளி ஓடுகிறாள் என்பார்கள். சத்தம் போட்டால் முற்றிவிட்டது என்பார்கள். நடந்ததையெல்லாம் சொன்னால்? அதற்கும் அவன் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான்.

விசில் ஒலித்தது. பேருந்து கிளம்பிப் போனது.

அவள் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தம்ளரைப் பெஞ்சின்மேல் சத்தமில்லாமல் வைத்தாள். புத்தி சரியாக இருப்பவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்தாள். அப்படி உட்கார்ந்தாள்.

போன் அடித்தது.

திரையில் பெயரில்லை. எண் மட்டும். அவளுக்கு மனப்பாடமான எண்.

“உங்க வீட்டுக்காரருதான். நீங்க டீ குடிக்கறப்ப படம் எடுத்து அனுப்பிச்சேன், உடனே கூப்புடறாரு பாருங்க. எப்படித் தவிச்சாரோ மனுசன்.” அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. “எந்த ஊருன்னு மட்டும் சொல்லீட்டாப் போதும். வந்துருவாரு.”

கட்டைவிரல் பச்சைப் பொத்தானை நோக்கிப் போனது.

அவள் தன் கையை எடுத்து அந்த விரலின்மேல் வைத்தாள். பிடுங்கவில்லை. தள்ளவில்லை. உள்ளங்கைக்குள் போன் துடித்துக்கொண்டே இருந்தது.

அந்த அம்மாள் நிமிர்ந்து, முதல் தடவையாக, போனிலிருக்கும் படத்தோடு ஒப்பிடாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

இத்தனை வருடம் தொண்டையிலேயே கிடந்த குரல் உடைந்து வரும் என்று அவள் நினைத்திருந்தாள். தெளிவாகவே வந்தது.

“என்னைத் திரும்ப அங்க அனுப்பாதீங்கம்மா.”