சாமியாரிடம் ஒரு பேரம்

ஈப்போ மாதா கோவிலில் பூசை முடிந்ததும் ஸ்டானிஸ்லாஸ் சாமியாரைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் அவர். நாற்பது வயதாகியும் தனிக்கட்டை. மாலையில் பேச ஆளில்லாமல் மருந்துப் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருப்பவர். சாமியார் என்ன தடை சொன்னாலும் மடக்கிவிடுவது என்று பேரத்துக்குத் தயாராகவே வந்திருந்தார்.

"கெர்ட்ரூட்டை, அதான் எங்க தோட்டத்துல பால்மரம் வெட்டுற செல்லாயியை, கட்டிக்கலாம்னு இருக்கேன், சாமி. நீங்க சரின்னா அவகிட்ட கேட்பேன்."

"செல்லாயியையா? அவ வேற மதமாச்சே?"

"போன வருஷமே ஞானஸ்நானம் வாங்கிட்டா."

"நான் கொடுக்கலையே?"

"மலைக்காய்ச்சல்ல சாகக் கிடந்தா, சாமி. உங்க வேதத்துல சேர்த்துருங்கன்னு அழுதா. நீங்க தோட்டத்துக்கு வர்ற வரைக்கும் தாங்க மாட்டான்னு நானே தண்ணி ஊத்திப் பேர் வெச்சேன். பொழைச்சுக்கிட்டா."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஞானஸ்நானம் கொடுத்தவன் வாங்கினவளைக் கட்டக் கூடாதுப்பா. திருச்சபைச் சட்டம். ஞான உறவுல நீ அவளுக்கு அப்பன் மாதிரி."

"வேற வழியே இல்லையா, சாமி?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"ஆயர் அந்தச் சட்டத்துலேர்ந்து விலக்குக் கொடுத்தாக் கட்டலாம். அவருக்கு எழுதுறேன். முதல்ல அவளைக் கேட்டுட்டு வா."

கோவில் வாசலில் நின்ற கெர்ட்ரூட்டிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர் சட்டத்திலிருந்தே ஆரம்பித்தார்.

"ஞானஸ்நானம் கொடுத்தவன் அப்பன் மாதிரின்னு சாமியார் சொல்றாருலா..."

மிச்சத்தைச் சொல்லுமுன் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நெசமாவா? இங்க வர்றப்ப எங்கப்பன் கப்பல்லயே செத்ததுலேர்ந்து எனக்கு யாருமே இல்லைன்னு கெடந்தேன். இனிமே உங்களை அப்பான்னு கூப்பிடலாமா?"

உள்ளே சாமியார் பேனாவோடு காத்திருந்தார்.

"கூப்பிடும்மா" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.